சோர்ந்துபோன சபை ஊழியர்களுக்கான (பாஸ்டர்களுக்கான) மூணு நாள் முகாம், போயிட்டு வந்தவன் சொல்றேன்

ஊழியத்த விட்டுறலாம்னு முடிவே பண்ணிட்டுத்தான் இந்த முகாமுக்கு போனேன். 11 வருஷமா ஜெபிச்சு ஜெபிச்சு சேர்ந்த சபை, ஒரே மாசத்துல நாலு குடும்பம் சொல்லாம கொள்ளாம போயிருச்சு. அதுல ஒருத்தர் நான் ஞானஸ்நானம் கொடுத்தவர், இப்ப ரோட்டுல பாத்தா மூஞ்சிய திருப்பிக்கிறார்.

முதல் நாள் மீட்டிங்கே இல்ல. போனை எங்ககிட்ட கொடுத்துட்டு போய் தூங்குங்கன்னுட்டாங்க. எனக்கு கோபம்தான் வந்துச்சு, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு. சாயந்தரம் நடத்தின ஐயா பைபிள்ல 1 இராஜாக்கள் 19ம் அதிகாரம் எடுத்தார். சூரைச்செடிக்கு கீழ உக்காந்து நான் சாகணும்னு கேட்ட எலியா தீர்க்கதரிசிய கர்த்தர் ஒரு வார்த்த கூட திட்டல, தூதன் வந்து தட்டி எழுப்பி சாப்பிட வைக்கிறான், அவர் திரும்ப படுத்துக்கிறார், மறுபடியும் எழுப்பி சாப்பிட வைக்கிறான், அதுக்கப்புறம்தான் கர்த்தர் அவரோட பேசுற ஓரேப் மலை, அதுக்கும் அப்புறம்தான் அடுத்த வேலை. எத்தனையோ தடவ இந்த அதிகாரத்துல பிரசங்கம் பண்ணிருக்கேன், அந்த தூக்கத்த கவனிச்சதே இல்ல.

ரெண்டாவது நாள் மிஷனரிகள் வரலாறு. வில்லியம் கேரி 1793ல இந்தியா வந்தார், அவர்கிட்ட ஞானஸ்நானம் எடுத்த முதல் இந்திய விசுவாசி கிருஷ்ண பால், 1800 டிசம்பர் கடைசில. அமெரிக்க மிஷனரி ஜட்சன் பர்மாவுக்கு போனது 1813, முதல் விசுவாசி 1819ல. அந்த ஆறேழு வருஷத்துல இந்த மாசம் எத்தன ஆத்துமான்னு யாராவது ரிப்போர்ட் கேட்டிருந்தா ரெண்டு பேரும் பூஜ்யம்தான எழுதிருக்கணும்னு ஐயா கேட்டப்ப ஹாலே அமைதியாயிருச்சு. 1812ல வங்காளத்துல கேரியோட செராம்பூர் அச்சுக்கூடம் எரிஞ்சு பைபிள் மொழிபெயர்ப்பு கையெழுத்துப் பிரதிங்க பல சாம்பலான பிறகும் கேரி திரும்ப மொழிபெயர்க்க உக்காந்தத சொன்னாரு பாருங்க, அங்க நான் அழுதுட்டேன்.

அப்புறம் ஆளுக்கொரு பேப்பர் கொடுத்து, உங்கள விட்டு போனவங்க பேர எழுதி ஒவ்வொருத்தருக்காகவும் ஜெபம் பண்ணுங்கன்னாங்க. ஒரு பேர் எழுதினதும் எனக்கு பேனா நகரல. பக்கத்துல வயசான பாஸ்டர் ஒருத்தர், கை லேசா நடுங்கும் அவருக்கு, அந்த கைய என் கை மேல வச்சு "எழுதுங்க தம்பி, நான் ரெண்டு பக்கம் எழுதிட்டேன்"னார். திருப்பி காமிச்சார், நிஜமாவே ரெண்டு பக்கம், கோணல் கோணலா.

குறையும் இருக்கு. கடைசி ராத்திரி சாட்சி நேரத்துல பேசினவங்க எல்லாருமே பெருசா வளர்ந்த சபைக்காரங்க, ரெண்டு நாள் கேட்டதுக்கு அது ஒட்டவே இல்ல, ஸ்பீக்கர் சத்தம் வேற. தனியா பேசுறதுக்கு ஆளுக்கு 20 நிமிஷம்தான், எனக்கு அது அழறதுக்கே போயிருச்சு. பெரிய குறை, பாஸ்டரம்மாக்களுக்கு, அதாவது பாஸ்டர்களோட மனைவிகளுக்கு, ஒண்ணுமே வைக்கல. சபை உடைஞ்சா நாம மேடைல நின்னு எதையாவது பேசிடுறோம், அவங்க அத்தனையும் மனசுல போட்டுக்கிட்டு வீட்டுக்குள்ளயே இருக்காங்க. இத நடத்துறவங்ககிட்ட நேர்லயே சொன்னேன், குறிச்சுக்கிட்டாங்க.

போறதா இருந்தா ஞாயித்துக்கிழமைக்கு வேற யாரையாவது செய்திக்கு ஏற்பாடு பண்ணிட்டு போங்க, திரும்பி வந்த மறுநாளே பிரசங்கம்னா தாங்காது. என் பேப்பர் பைபிள்லயே இருக்கு, அஞ்சாவது பேருக்கு மட்டும் இன்னும் வாய் திறந்து ஜெபிக்க வரல.