தண்டையார்பேட்டை சிறுவர் கேரம் வகுப்பு: ஒரு மதிப்பீடு

கூச்சத்தைப் போக்கிக் குழந்தைகளைக் கலகலப்பாக்குவதாக விளம்பரம் செய்யும் கோடை முகாம்கள் பெருகிவிட்ட நிலையில், தண்டையார்பேட்டையில் ஒரு மாடி அறையில் ஞாயிறுதோறும் நடக்கும் இந்தக் கேரம் வகுப்பு அப்படி எந்த வாக்குறுதியும் தருவதில்லை. ஆயினும், பிறரோடு பழகுவது என்றால் என்ன என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லித்தரும் இடங்களில் இதையே நான் முதலில் வைப்பேன்.

புதிதாக வரும் பிள்ளையை உடனே ஆட வைப்பதில்லை. ஒரு போர்டின் அருகே உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். "எல்லார்கிட்டயும் பேசணுமா மாஸ்டர்?" என்று என் மகள் கேட்டதற்கு, "பேசியே ஆகணும்னு இல்லம்மா. அடுத்தவங்க அடிக்கும்போது போர்டை ஆட்டாத, விழுந்த காயினை எடுத்துக் கொடு, அது போதும்" என்றார். சிறுவர் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட கட்டுரையில், பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் ஆறு வகைகளுள் ஒன்றாகச் சேர்த்திருந்தார். பிள்ளை ஒதுங்கியே நிற்கிறது என்று புலம்பும் பெற்றோர் (நானும் அந்தக் கூட்டம்தான்) இதை அறிந்திருப்பது நல்லது.

இரட்டையர் ஆட்டத்தில்தான் வகுப்பின் சாரம் இருக்கிறது. ரெட் எனப்படும் சிவப்புக் காயினைக் குழியில் போட்ட ஒரு சிறுவன் ஃபாலோவை, அதாவது அதைத் தொடர்ந்து போட வேண்டிய தன் காயினைத் தவறவிட, ரெட் மீண்டும் நடுவுக்குப் போனது. எதிரே இருந்த கூட்டாளி முகத்தைச் சுளித்ததும் மாஸ்டர் ஆட்டத்தை நிறுத்தி, "அவன் மூஞ்சியப் பாரு, இப்ப நீ என்ன பண்ணலாம்?" என்று அந்தக் கூட்டாளியிடமே கேட்டார். அவன் சற்று யோசித்துவிட்டு, பவுடர் டப்பாவை நண்பன் பக்கம் நகர்த்தினான். மாஸ்டரும் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால், எதிராளி கேட்பதற்கு முன்பே அபராதமாகத் தன் காயினை எடுத்து வைக்கும் பிள்ளையை மட்டும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். ஜெயித்தவர்களுக்கு அந்த மரியாதை கிடையாது.

குறைகளும் உண்டு. போர்டுகள் போதாததால் காத்திருக்கும் நேரம் அதிகம். வாசலில் நின்று "கட் அடிடா" என்று கத்தும் அப்பாக்களை மாஸ்டர் இன்னும் கண்டிப்பாக வெளியே அனுப்பலாம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இதே வடசென்னைப் பெண்; அப்படியிருந்தும் இங்கே சிறுமிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். மாதக் கட்டணம் 400 ரூபாய். ஸ்ட்ரைக்கரை மட்டும் நாமே வாங்கித் தர வேண்டும்.