வாக்கியமா, திருக்கணிதமா: பொருத்தம் பார்க்க எது?

பெண் வீட்டார் கொடுத்த ஜாதகத்தில் நட்சத்திரம் ஹஸ்தம். அதே தேதியையும் நேரத்தையும் செல்போன் ஆப்பில் போட்டால் உத்திரம் நாலாம் பாதம். பையன் ரோகிணி என்று வையுங்கள். ஹஸ்தம் என்றால் இருவருக்கும் கண்ட ரஜ்ஜு (ரஜ்ஜு பத்துப் பொருத்தங்களில் ஒன்று; இருவருக்கும் ஒரே ரஜ்ஜு வரக் கூடாது என்பார்கள்). "ரஜ்ஜு தட்டுது" என்று ஜோசியர் நோட்டை மூடிவிடுவார். உத்திரம் என்றால் உதர ரஜ்ஜு, பேச்சு மேலே போகும். ஜாதகம் வாக்கியப் பஞ்சாங்கப்படி, ஆப் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி. வித்தியாசம் அவ்வளவுதான்.

வாக்கியம் பழைய சூத்திரக் கணக்கு. சந்திரனுக்கு வரருசி பேரில் வழங்கும் 248 வாக்கியங்களை வைத்தே போடுகிறார்கள். திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கு. சனி விஷயத்தில் இடைவெளி பளிச்சென்று தெரியும்: கும்பத்துக்குச் சனி வந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17, வாக்கியப்படி அதே வருடம் டிசம்பர் 20. திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியத்தை.

ஆனால் கல்யாணப் பொருத்தத்துக்குச் சனியைவிடச் சந்திரன் முக்கியம். அது ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள். இரண்டு கணக்குக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வந்தாலும், நட்சத்திரத்தின் நடுவில் பிறந்தவருக்குப் பத்துப் பொருத்தம் பெரும்பாலும் மாறாது. தசா இருப்பு (பிறக்கும்போது நடக்கும் தசையில் மீதமுள்ள காலம்) மட்டும் ஆடும்: பூரத்தில் பிறந்தவருக்கு இரண்டு மணி நேரம் தள்ளினால், 20 வருடச் சுக்கிர தசையில் ஒன்றரை வருடத்துக்கு மேல் கூடும் அல்லது குறையும். தசா சந்தி (இருவருக்கும் தசை ஏறக்குறைய ஒரே சமயத்தில் மாறுவது) பார்க்கிற வீடுகளில் இதற்கே சம்பந்தம் கலைந்துபோகும். ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் நேரத்தில் பிறந்தவர்களுக்கோ நட்சத்திரமே மாறும்.

என் ஓட்டு திருக்கணிதத்துக்குத்தான். ஜன்ம நட்சத்திரம் என்பது பிறந்த நேரத்தில் சந்திரன் நின்ற இடம் என்றால், வானத்தோடு ஒத்துப்போகிற கணக்கை விட்டுவிட்டு வேறொன்றை நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. கோயில் விசேஷம், திதி, விரதத்துக்கு வாக்கியம் பார்க்கிற வீடு அப்படியே பார்க்கட்டும். அது சம்பிரதாயம், அதில் சண்டையில்லை. (பிடித்த வரன் என்றால் பொருந்துகிற பஞ்சாங்கத்தைத் தேடி எடுக்கிற சாமர்த்தியமும் நம்மவர்களுக்கு உண்டு.)

எதுவானாலும் பையனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கலக்கக் கூடாது. தரகர் தரும் கட்டங்களை அப்படியே ஒட்டிப் பார்க்காமல், இருவரின் பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் வாங்கி ஒரே முறையில் புதிதாகக் கணிக்கச் சொல்லுங்கள்.