காரைக்குடியில காது மெஷின் கிளினிக்: இம்ப்ளான்ட்டும் ஹியரிங் எய்டும் சேர்த்து போட்டவங்களுக்கு

எங்க அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வலது காதுல காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவி, இடது காதுல வெளியில மாட்டுற ஹியரிங் எய்ட். ரெண்டையும் சேர்த்து செட் பண்ணிக் குடுக்க ஆள் தேடுறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன், செக்காலை பக்கம் மாடியில இருக்குற சின்ன கிளினிக்.

அப்பச்சி ரொம்ப வருஷம் சிங்கப்பூர்ல யாவாரம் பார்த்தவுக, மாண்டரின் நல்லா பேசுவாக, அண்ணமிண்டியும் (அண்ணன் பொண்டாட்டி) அங்க உள்ள சீனப் பொண்ணுதான், பேரப்புள்ளைக வீடியோ கால்ல ஐயாகிட்ட பாதி தமிழ் பாதி மாண்டரின்னு பேசுங்க. இம்ப்ளான்ட் போட்டப்புறம் தமிழ் புரிய ஆரம்பிச்சுது, மாண்டரின் பிடிபடவே இல்ல. வேற ஒரு எடத்துல, அதான் இம்ப்ளான்ட் இருக்கே, இன்னொரு காது மெஷினை கழட்டி வைங்கன்னுட்டாங்க, எனக்கு அதுல இன்னும் கோவம்.

இங்க ஆடியாலஜிஸ்ட் (காது கேக்குறதை சோதிச்சு மெஷின் செட் பண்றவங்க) மேடம் முதல்ல கேட்டதே "வீட்டுல என்னென்ன பாஷை பேசுவீங்க ஐயா?"ன்னுதான். மாண்டரின்ல நாலு தொனி, 'மாய்'ங்கிறதை குரல் தாழ்த்தி சொன்னா வாங்குறது, மேலருந்து சட்டுனு எறக்குனா விக்கிறது, யாவாரிக்கு இது மாறிப்போனா என்ன ஆகும்! இம்ப்ளான்ட்ல கம்பெனியப் பொறுத்து 12, 16, 22னு எலக்ட்ரோடு (நரம்புக்கு மின் சிக்னல் குடுக்குற முனை) இருக்கு, பேச்சைப் புரிஞ்சுக்க அது போதும், ஆனா குரல் ஏறுதா எறங்குதாங்கிறது அதுல சரியா வராது. குரலோட அடிச்சுருதி (தொனி தெரியுறது இதோட ஏத்த எறக்கத்துலதான்) ஆம்பளைக்கு 100 ஹெர்ட்ஸ் சொச்சம், பொம்பளைக்கு 200 பக்கம், அப்பச்சி இடது காதுல மிச்சம் இருக்குற கேக்குற திறனும் அந்தக் கீழ்ப் பக்கம்தான். அதனால தொனியை ஹியரிங் எய்ட் குடுக்குது, மத்ததை இம்ப்ளான்ட் பாத்துக்குது. ரெண்டு காதுலயும் சத்தம் ஒரே அளவா தெரியுற வரைக்கும் மேடம் அவசரப்படாம மாத்தி மாத்தி வச்சுப் பார்த்தாங்க, மேப்பிங் (இம்ப்ளான்ட்டை ஆளுக்கு ஏத்த மாதிரி செட் பண்றது) தனியா எய்ட் தனியான்னு பிரிச்சுப் பார்க்கவே இல்ல.

இப்ப ஹால்ல டிவி ஓடுனாலும் பேத்தி சொல்றது பிடிபடுது, வேகமா பேசுனா மட்டும் திணறுறாக. சுத்தமா கேக்காத காதுக்கு ஹியரிங் எய்ட் இப்படி உதவாது, அதையும் மேடமே மறைக்காம சொன்னாங்க.

எய்ட் புதுசா வாங்குறவங்க இம்ப்ளான்ட்டோட ஜோடி சேருற பிராண்டா பாருங்க, காக்ளியர்ங்கிற கம்பெனி இம்ப்ளான்ட்டுக்கு ரீசவுண்ட் எய்ட், அட்வான்ஸ்டு பயோனிக்ஸ் கம்பெனி இம்ப்ளான்ட்டுக்கு போனாக் எய்ட், அப்பதான் போன் சத்தம் ரெண்டு காதுக்கும் நேரா போகும்.

லிப்ட் கிடையாது, படி செங்குத்து, முட்டி வலி உள்ளவுகளுக்கு கஷ்டம். சனிக்கிழமை கூட்டம் ஜாஸ்தி. போறப்ப பழைய ஆடியோகிராம் (காது சோதனை ரிப்போர்ட்) கையில எடுத்துக்கிட்டுப் போங்க, வீட்டுல பேசுற பாஷை எல்லாத்தையும் விடாம சொல்லிருங்க.