பீ பீ தீவுகளுக்குத் தனிப் படகு: காசு கொடுத்து வாங்குவது நேரத்தைத்தான்

தாய்லாந்தின் பீ பீ தீவுகளைச் சுற்றிப் பார்க்க மூன்று வழி இருக்கிறது. புக்கெட்டிலிருந்தோ கிராபியிலிருந்தோ ஸ்பீட் போட்டில் பெரிய கூட்டத்தோடு வந்து சாயங்காலமே திரும்பிவிடலாம். மக்கள் குடியிருக்கும் தீவான பீ பீ டோனில் தங்கி, அங்கிருந்து கிளம்பும் கூட்டுச் சுற்றுலாப் படகில் ஏறலாம். இல்லையென்றால் அதே தீவின் டோன்சாய் படகுத்துறையில் லாங்டெயில் என்ற ஒரு மரப்படகை நமக்கென்று மட்டும் பேசிக்கொள்ளலாம். நான், என் கணவர், பன்னிரண்டு வயது மகள், நீச்சலே தெரியாத என் அக்கா என்று நாங்கள் நால்வரும் மூன்றாவது வழியில் போனோம். தீவில் ஒரு ராத்திரியாவது தங்கப் போகிறவர்கள் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். குறைகள் இருந்தன, அதையும் சொல்கிறேன். ஆனால் அந்த நாளை வேறு எந்த வழியில் போயிருந்தாலும் பாதிதான் பார்த்திருப்போம்.

முதலில் காசு. ஆறு மணி நேரத்துக்கு 3,500 பாட் பேசினோம். படகு, டீசல், படகுக்காரர், நீருக்கடியில் பார்க்க மாஸ்க், முகத்தை நீரில் வைத்தபடியே மூச்சு விட ஸ்நார்க்கெல் குழாய், லைஃப் ஜாக்கெட், ஒரு ஐஸ் பெட்டி நிறையத் தண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். தேசியப் பூங்காக் கட்டணம் தனி. வெளிநாட்டவருக்குப் பெரியவர் 400 பாட், குழந்தை 200 பாட். ஆக நால்வருக்கும் சேர்த்து 4,900. "எல்லாம் சேர்த்துத்தான்" என்று முன்பதிவுக் கவுண்டரில் சொன்னார்கள், பூங்காக் கட்டணத்தைக் காலையில் படகில் ஏறும்போதுதான் தனியாகக் கேட்டார்கள். பணம் பெரிதில்லை, முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்தச் சீட்டைத் தொலைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் பார்க்க வரும் மாயா விரிகுடாவில் காட்டும் அதே சீட்டுதான் அன்றைக்கு பேம்பூ தீவிலும் செல்லும், இரண்டும் ஒரே பூங்காவுக்குள் வருகின்றன.

தனிப் படகு என்றதும் சொகுசு என்று நினைத்துவிடக் கூடாது. லாங்டெயில் ஒரு மரப்படகு. பின்னால் ஒரு கார் எஞ்சினைச் சுழலும் தாங்கியில் பொருத்தி, அதிலிருந்து நீளமான இரும்புத் தண்டை நீட்டி, நுனியில் ப்ரொபெல்லரை மாட்டியிருக்கிறார்கள். உட்காரப் பலகை, மேலே தார்ப்பாய்க் கூரை, அவ்வளவுதான். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். காற்று எதிர்த்தால் உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். கழிவறை கிடையாது, மாயாவிலும் பேம்பூ தீவிலும் கரையில்தான். ஆனால் அந்த நீளத் தண்டில்தான் விஷயமே இருக்கிறது. ஆழம் குறைந்த இடம் வந்தால் படகுக்காரர் கைப்பிடியை அழுத்தி ப்ரொபெல்லரைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிவிடுகிறார். பெரிய படகுகள் தள்ளி நிற்கிற இடத்தில் நாம் உள்ளே போய்விடலாம்.

படகின் முகப்பில் பல வண்ணத் துணிகளும் பூமாலையும் கட்டியிருப்பார்கள். அழகுக்காக மட்டும் கட்டியதில்லை. படகைக் காக்கும் மே யா நாங் என்ற தெய்வத்துக்கு உரியது அந்த இடம். அதன் மேல் கால் வைத்து ஏறுவதும், அதில் சாய்ந்து படம் எடுப்பதும் அவர்களுக்கு மனக்கஷ்டம். எங்கள் படகுக்காரர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை, மகள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கையைக் காட்டிப் பக்கவாட்டில் ஏறச் சொன்னார். புரிந்துகொண்டோம்.

இந்தச் சேவையில் நிஜமாகவே மதிப்புள்ளது முதல் நாள் சாயங்காலம் நடந்த பத்து நிமிடப் பேச்சு. கவுண்டரில் ஒட்டியிருந்த படத்தில் குரங்குக் கடற்கரை, வைக்கிங் குகை, பிலே காயல், மாயா, பேம்பூ தீவு என்று ஒரு வரிசை இருந்தது. அதை அப்படியே ஒத்துக்கொள்ளாமல், படகு ஓட்டப் போகிறவரையே கூப்பிட்டுப் பேசினோம். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். போனில் மறுநாள் ஏற்றவற்ற அட்டவணையைத் திறந்து காட்டினார், தண்ணீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று விரலால் காட்டினார். காலையில் கடல் ஏறியிருக்கும், மத்தியானத்துக்குள் வற்றிவிடும். பிலே காயலின் வாசலில் ஆழம் குறைவு. தண்ணீர் நன்றாக வற்றிவிட்டால் லாங்டெயில்கூடத் தயங்கும். அதனால் மாயா, பிலே இரண்டையும் முதலில் முடித்துவிட்டு, பிறகு வடக்கே பேம்பூ தீவுக்குப் போவதென்று முடிவானது. குரங்குக் கடற்கரையை நாங்களே வேண்டாமென்றோம். அங்குள்ள குரங்குகள் மனிதர்கள் கொடுத்த தீனிக்குப் பழகி, கையில் பை இருந்தால் பாய்ந்து கடிப்பவை. குழந்தையோடு அங்கே இறங்குவதில் எனக்கு விருப்பமில்லை. கூட்டுப் படகில் இந்த மாதிரி எதையும் மாற்ற முடியாது.

விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். மாயா, பிலே இரண்டும் இருக்கும் பீ பீ லே தீவில் யாரும் குடியிருப்பதில்லை. கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புக்கல் பாறைகள்தான் அந்தத் தீவு. மாயா விரிகுடாவின் முகப்பில் இப்போது எந்தப் படகும் நுழையக் கூடாது. தீவின் மறுபக்கம் லோ சமா விரிகுடாவில் மிதக்கும் துறையில் இறங்கி, மரப்பாதை வழியாகச் சில நிமிடம் நடந்தால் மாயாவின் மணல். இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் உண்டு. ஒரு ஹாலிவுட் படத்தால் பேர் வாங்கிய இந்தச் சின்னக் கடற்கரைக்கு ஒரு நாளைக்கு 5,000 பேர் வரை வந்துகொண்டிருந்தார்கள். படகுகளின் நங்கூரமும் கூட்டமும் சேர்ந்து பவளப்பாறைகளை நாசமாக்கின. 2018 ஜூனில் அரசு மூடியது, 2022 ஜனவரியில்தான் திறந்தது. இப்போதும் ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மூடிவிடுகிறார்கள். அந்த மாதங்களில் போகிறவர்களுக்கு எவ்வளவு காசு கொடுத்தாலும் மாயா இல்லை.

அங்கே நீந்த அனுமதி இல்லை, கரையோரம் கால் நனைக்கலாம். கொஞ்சம் உள்ளே போனாலே காவலர் விசில் ஊதுகிறார். சிலர் இதைக் குறையாகச் சொல்வதைக் கேட்டேன். எனக்கு அது பெரிய நிறைவாக இருந்தது. ஏனென்றால் முழங்கால் ஆழத் தண்ணீரில், எங்களிடமிருந்து கொஞ்சம் தள்ளி, முழங்கை நீளம் இருக்கும் சுறாக்குட்டிகள் கரைக்கு இணையாகப் போய்க்கொண்டிருந்தன. முதுகுத் துடுப்பின் நுனியில் மட்டும் மை தொட்டாற்போல் கறுப்பு. மூடியிருந்த காலத்தில் திரும்பி வந்தவை இவை. "அம்மா, நகராதே, அதுங்க பயந்துடும்" என்று என் மகள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாங்கள் திரும்பி நடக்கும்போதுதான் புக்கெட் ஸ்பீட் போட்டுகள் வர ஆரம்பித்தன. மரப்பாதையில் எதிரே வந்த கூட்டத்தைப் பார்த்தபோது, முதல் நாள் பேசிய பேச்சின் அருமை தெரிந்தது.

பிலே காயல் மூன்று பக்கமும் பாறைச் சுவர் சூழ்ந்த பச்சைத் தண்ணீர். மீன் பார்க்க ஏற்ற இடமில்லை, அடியில் பெரும்பாலும் மணல்தான். ஆனால் அலையே இல்லை. அக்காவுக்குப் பழகிக்கொடுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கொடுத்த சாமான்களின் லட்சணம் இங்கேதான் தெரிந்தது. நாலு மாஸ்க்கில் இரண்டு கசிந்தன, விளிம்பு சிலிக்கான் மஞ்சளாகி விறைத்துப் போயிருந்தது. ஒரு லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி உடைந்திருந்தது. குழந்தை அளவு ஜாக்கெட் இல்லவே இல்லை. படகுக்காரர் தன் நண்பரின் படகிலிருந்து ஒரு சின்ன ஜாக்கெட்டும் நல்ல மாஸ்க் ஒன்றும் வாங்கி வந்து கொடுத்தார். இது அவருடைய குறை இல்லை, வாடகைக்கு விடும் கவுண்டரின் அலட்சியம். உயிர் சம்பந்தப்பட்ட பொருளில் இப்படி இருப்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். காசு கொடுக்கும் முன் ஜாக்கெட்டைப் போட்டு, கொக்கியை இழுத்துப் பார்க்க வேண்டும். மாஸ்க்கைப் பட்டி மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் அது கீழே விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். மீசை வைத்தவர்களுக்கு எப்படியும் கொஞ்சம் தண்ணீர் இறங்கும், என் கணவர் நாள் முழுக்க அதோடுதான் போராடினார்.

அக்காவை நானும் படகுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ஏணியில் நின்றபடியே முதலில் குழாய் வழியாக மூச்சு விடப் பழகினாள். பிறகு முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. ஜாக்கெட் அவளை மிதக்க வைத்தது, கால்கள் தானாகப் பின்னால் நீண்டன. கூட்டுப் படகில் அவளுக்காக யார் இவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? "எல்லாரும் இறங்குங்க, அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள், அவள் படகிலேயே உட்கார்ந்து எங்கள் பைகளுக்குக் காவல் இருந்திருப்பாள்.

அதற்கு அடுத்தாற்போல், வைக்கிங் குகையைப் படகிலிருந்தே பார்த்தோம். உள்ளே விடுவதில்லை. உழவாரக் குருவிகளின் கூட்டை எடுக்கக் கட்டிய மூங்கில் சாரங்கள் வெளியிலிருந்தே தெரிகின்றன. சில நிமிடம் போதும்.

பாறைச் சுவரை ஒட்டிய பவளத்திட்டில்தான் நிஜமான ஸ்நார்க்கெலிங். தலையை உள்ளே விட்டதும் முதலில் வருவது சத்தம். கடுகு தாளிக்கிற மாதிரி எல்லாப் பக்கமும் படபடவென்று ஒரு பொரிச்சல். பாறை இடுக்குகளில் இருக்கும் சின்ன இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. மஞ்சள் முதுகில் கறுப்புப் பட்டை போட்ட மீன்கள் கூட்டமாக நம் முகத்துக்கு நேரே வந்து நிற்கும். கிளி மீன் ஒன்று பாறையைக் கொறிப்பதை அருகிலிருந்து பார்த்தேன். அலகு போன்ற பல்லால் ஒரு கடி, பின்னால் போய் மறுபடி ஒரு கடி, கடித்த இடத்தில் வெள்ளைக் கீறல். அதன் வயிற்றில் அரைபட்டு வெளியே வரும் பவளத்தூள்தான் இந்தக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு. என் நிழல் பட்டதும் ஒரு ராட்சதச் சிப்பி நீல உதடுகளைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கடற்சாமந்தியின் விரல்களுக்கு நடுவே கோமாளி மீன் ஜோடி. "பெரியம்மா, இங்க, இங்க!" என்று மகள் குழாயைத் துப்பிவிட்டுக் கத்தினாள். பாறைக்குழிகளில் நீண்ட முட்கள் கொண்ட கறுப்புக் கடல் முள்ளெலிகள் நிறைய இருந்தன, அதனால் கால் ஊன்றவே கூடாது. ஊன்றினால் நமக்கும் கேடு, பவளத்துக்கும் கேடு.

விளம்பரப் படத்தில் வருகிற வண்ணங்களை எதிர்பார்த்துப் போக வேண்டாம். உடைந்து சாம்பல் நிறமாகக் கிடக்கும் பவளம் நிறைய இருக்கிறது, பேம்பூ தீவின் ஆழமற்ற பக்கத்தில் இன்னும் அதிகம். 2010-இல் அந்தமான் கடல் சூடேறிப் பவளப்பாறைகள் பெருமளவு வெளுத்தன. நங்கூரமும் மனிதக் கால்களும் செய்த சேதம் வேறு. மிச்சமிருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமென்றுதான் 2021-இல் கடல்சார் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் உட்பட நான்கு ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீனுக்குத் தடை போட்டார்கள். மீறினால் அபராதம் ஒரு லட்சம் பாட் வரை. நாங்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினோம், முதுகு எரியாமல் இருக்க அதுவே போதுமாக இருந்தது. மீனுக்குத் தீனி போடுவதும் குற்றம். ஆனாலும் பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார், பயணிகள் கைதட்டினார்கள். எங்கள் படகுக்காரர் தலையை அசைத்துவிட்டுப் படகை அங்கிருந்து தள்ளிக் கட்டினார். நான் இந்தச் சேவைக்கு நல்ல பேர் கொடுப்பதற்கு அவருடைய அந்தச் செயலும் ஒரு காரணம். நங்கூரத்தையும் அவர் பவளத்தின் மேல் போடவே இல்லை, மிதவை இருந்த இடத்தில்தான் கயிற்றைக் கட்டினார்.

பேம்பூ தீவில் சவுக்கு மர நிழலில் சாப்பிட்டோம். சாப்பாடு இந்த வாடகையில் இல்லை, டோன்சாயிலேயே டப்பாவில் கட்டி வாங்கிக்கொண்டு போனோம். தெர்மாகோல் டப்பாவும் ஒருமுறை போட்டு எறியும் பிளாஸ்டிக்கும் பூங்காவுக்குள் அனுமதி இல்லை. மணல் அருமை, கூட்டமும் இருந்தது. ஒரு மணி நேரம் போதுமென்று தோன்றியது.

திரும்பும்போது காற்று ஏறிவிட்டது, படகு குதித்துக் குதித்து வந்தது. வாந்தி வருகிற உடம்பு என்றால் காலையிலேயே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. ஏணியில் ஏற முடியாத முழங்கால் வலிக்காரர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் இந்தப் படகு சரிவராது, அவர்கள் கூரையும் கழிவறையும் உள்ள பெரிய படகில் போகலாம். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தக் கடல் முரட்டுத்தனமாக இருக்கும், அப்போது முன்பணம் கட்டி நாளைப் பூட்டிவைப்பதில் அர்த்தமில்லை. நாங்கள் பாதிப் பணத்தை முதலிலும் மீதியை இறங்கிய பிறகும் கொடுத்தோம், நிற்கப்போகும் இடங்களின் வரிசையை ரசீதின் பின்னால் எழுதியும் வாங்கிக்கொண்டோம். அடுத்த முறை மாஸ்க்குகளையும் மகளுக்கான லைஃப் ஜாக்கெட்டையும் வீட்டிலிருந்தே எடுத்துப் போவோம், படகு மட்டும் அதே படகுக்காரருடையதுதான்.