தலைவர் படம் போட்ட டைல்ஸ்: திருப்பாப்புலியூர் கடை எப்படி?

தலைவர் படத்தை டைல்ஸில் போட்டு வாங்கப் போகிறீர்களா? கடையில் முதலில் கேட்க வேண்டியது விலை இல்லை, "சூளையில் சுட்டதா, பிரஸ்ஸில் அழுத்தினதா?" என்பதுதான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சின்னக் கடையில் இரண்டும் கிடைக்கும். எது எது என்று கேட்காமலே சொல்லிவிடுகிறார்கள். அதற்காகவே இந்தக் கடையைச் சிபாரிசு செய்கிறேன். பிரஸ் வகை என்றால் டைல்ஸ் மேல் பூசிய பாலிமரில் 200 டிகிரி வாக்கில் மை இறங்கும். பளபளப்பாக இருக்கும், ஆனால் வெயில் பட்டால் வெளுக்கும். சுட்ட வகையில் தாது நிறங்கள் 800 டிகிரி வாக்கில் கிளேசோடு, அதாவது டைல்ஸின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சோடு, கலந்துவிடும். கடைத் தம்பி ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து இரண்டின் ஓரத்திலும் கீறிக் காட்டினார். பிரஸ் டைல்ஸில் வெள்ளைக் கோடு விழுந்தது, சுட்டதில் ஒன்றுமே ஆகவில்லை.

தேர்தல் பேட்ஜ், துணிக்கொடி, நோட்டீஸ் என்று வெகுகாலமாகச் சேர்த்து வருகிறேன். கடலூர் உப்புக்காற்றில் தகரமும் துணியும் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பீங்கான் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1896 அதிபர் தேர்தலில் நின்ற மெக்கின்லிக்கு, அவருடைய ஒஹையோ மாநிலத்து சேன்ஸ்வில் ஊர்க் கம்பெனி ஒன்று முகம் பதித்த டைல்ஸ் போட்டது. அது அச்சடித்த படமே இல்லை. களிமண்ணிலேயே முகத்தை மேடு பள்ளமாக அழுத்தி, மேலே ஒரே நிறக் கிளேசை ஓடவிடுவார்கள். பள்ளத்தில் தேங்கிய இடம் கருக்கும், மேட்டில் மெலிந்த இடம் வெளுக்கும், நிழலும் வெளிச்சமும் அப்படியே வந்துவிடும். சேகரிப்பவர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

நான் கொடுத்தது காமராஜர், அண்ணா. காமராஜர் கறுப்பு வெள்ளையில் அருமை, மீசையின் நரை தனித்தனியாகத் தெரிகிறது. அண்ணா படத்தின் பின்னணியில் கேட்ட கொடிச் சிவப்புதான் செங்கல் நிறமாகிவிட்டது. "இரும்புச் சிவப்புங்க ஐயா, சுட்டா இப்படித்தான் வரும்" என்றார் தம்பி. அப்புறம் அவரே யோசனை சொல்லி, கொடியை எடுத்துவிட்டு ஒரே பழுப்பு நிறத்தில் மறுபடி போட்டுத் தந்தார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

ஆறு அங்குல டைல்ஸ் பிரஸ்ஸில் 250 ரூபாய், சுட்டது 900. சூளை விருத்தாசலத்தில். அங்கே செராமிக் தொழில் பழகிய கைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு லோடு சேரும்வரை காத்திருக்க வேண்டும், அவசரத்துக்கு ஆகாது. பேக்கிங்கும் போதாது. வெறும் செய்தித்தாளில் சுற்றித் தருகிறார்கள், வெளியூருக்கு அனுப்புவதென்றால் தெர்மோகோல் கேட்டு வாங்குங்கள்.

வீட்டு ஷோகேசுக்கும் பிரசாரத்தில் கையில் கொடுக்கவும் பிரஸ் வகை போதும். கொடிக்கம்பப் பீடத்தில் பதிக்க என்றால் சுட்டதைத் தவிர வேறு வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தைக் கொடுக்காதீர்கள். பழைய போட்டோவையே கொண்டுபோனால் அவர்களே ஸ்கேன் செய்துகொள்கிறார்கள்.