ஒன்பது வருடம், ஐந்து டிடெக்டர், ஒரு காது

என்னிடம் ஒரு அப்பியாசக் கொப்பி இருக்கிறது. இடது நிரலில், கடற்கரை மணலுக்குள் உலோகம் தேடும் டிடெக்டர்களுக்குக் கொடுத்த காசு, வலது நிரலில் அவற்றால் மணலிலிருந்து எடுத்த காசு. தொழிலால் கணக்காளர், எழுதாமல் இருக்க முடியாது. 2016இல் இருந்து வலது நிரலின் மொத்தம் 6,418 ரூபா. அதோடு மூன்று மோதிரம், ஒரு வெள்ளிக் கொலுசின் பாதி. மோதிரங்களில் இரண்டு உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. இடது நிரலின் மொத்தத்தை வெளியில் சொல்ல வேண்டாம் என்று கணவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முதல் டிடெக்டரை லண்டனிலிருந்து தம்பி கொண்டுவந்தான். வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் அதைப் பூட்டிக்கொண்டிருந்தபோது மாமி கதவடியிலேயே நின்றுவிட்டார். "கண்ணிவெடி தேடுகிற சாமான் ஏன் பிள்ளை வீட்டுக்குள்?" என்று கேட்டார். மாமி கிளிநொச்சி. முகமாலையில் கண்ணிவெடி அகற்ற முகக்கவசம் போட்ட பெண்கள் முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைத் தடவுவதைப் பார்த்தவர். அந்தக் கருவிக்கும் என்னுடையதுக்கும் அடிப்படை ஒன்றுதான். அடியில் இருக்கும் கொயிலில், அதாவது கம்பிச் சுருளில், ஓடும் மின்சாரம் நிலத்துக்குள் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிறது. அது திருப்பி அனுப்பும் சின்னப் புலத்தைக் கொயில் பிடித்து ஒலியாக்குகிறது. அந்தப் பெண்களுக்கு அந்த ஒலி உயிர்ப் பிரச்சினை. எனக்குச் சோடா மூடி. இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிப் பெருமையாகப் பேசத் தொடங்கும்போதெல்லாம் மாமி கதவடியில் நின்றது நினைவுக்கு வரும்; குரல் தானாகத் தணிந்துவிடும்.

முதல் மெஷின் ஒற்றை அலைவரிசைக்காரன். கல்கிசையில் காய்ந்த மணலில் தங்கமான பிள்ளை. அலை நனைத்த மணலுக்கு இறங்கியதும் தொட்டதற்கெல்லாம் கத்தினான். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். ஒற்றை அலைவரிசைக்கு ஈர மணலே பெரியதோர் உலோகத் தகடுபோலத் தெரியும். போதாததற்கு நம் கரையில் ஆங்காங்கே கறுப்பு மணல் வேறு. புல்மோட்டையில் அகழ்ந்தெடுக்கிறார்களே, அந்த இரும்பு கலந்த இல்மனைற் சாதி.

அதைவிட எனக்குத் தலையிடி தந்தது நம் நாட்டுக் காசு. இந்த மெஷின்களின் திரையில் வரும் எண்கள் வெளிநாட்டுக் காசுகளை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. இலங்கையில் 2005க்குப் பிறகு வந்த சில்லறைகள் பெரும்பாலும் பூச்சுப் பூசிய உருக்கு; 2017இல் இருந்து துருப்பிடிக்காத உருக்கு. இரும்பை ஒதுக்கும் வசதியைப் போட்டால் ஆணியோடு சேர்ந்து பத்து ரூபாவும் ஒதுங்கிவிடும். போடாவிட்டால் அதே காசு ஒருமுறை இரும்பாகவும் இன்னொருமுறை வெள்ளியாகவும் பாசாங்கு காட்டும். பழைய தடித்த நிக்கல் பித்தளை ஐந்து ரூபாதான் நேர்மையானது. எப்போது கேட்டாலும் ஒரே சத்தம். இந்தப் பாடத்தைக் காதில் ஏற்ற எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. ஏறிய கையோடு மெஷினை மாற்றிவிட்டேன்.

இங்கேதான் வியாதி தொடங்குகிறது. கொழும்பில் இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் கைவிரலில் எண்ணக்கூடிய சிலர்தான். ஆனால் அந்தச் சிலருக்குள் மெஷின்கள் சீட்டுக் காசுபோலச் சுற்றும். ஒருவரிடம் இருப்பது மற்றவருக்கு வேண்டும்; அது கிடைத்ததும் விட்டுக்கொடுத்தது திரும்ப வேண்டும். என்னுடைய இரண்டாவது, துடிப்பு முறையில் இயங்குவது. மின்சாரத்தைத் துடிப்பாக அனுப்பி நிறுத்தி, எதிரொலியை மட்டும் கேட்கும். உப்பையும் கறுப்பு மணலையும் அது பொருட்படுத்தாது. இரும்பு, தங்கம் என்று பாகுபாடும் பார்க்காது. சமத்துவம் நல்லதுதான்; ஆனால் வெள்ளவத்தைக் கரை ரயில் பாதையோடு ஒட்டியது. ஒரே காலையில் நாற்பத்தொரு இரும்புத் துண்டு தோண்டினேன், முதுகு விட்டுப்போனது. ஐந்தாம் மாதம் அதைக் கொடுத்துவிட்டு, நீருக்குள் இறக்கலாம் என்ற மூன்றாவதை வாங்கினேன். பழையது, நீர் உள்ளே போயிற்று. திருத்திய கடைக்காரர் உள்ளே இருந்த மணலை ஒரு பொட்டலத்தில் மடித்துத் தந்தார், அதுவும் எனக்குச் சொந்தம் என்று.

நான்காவது மைன்லாப் ஈக்வினொக்ஸ் 800. 2018இல் சந்தைக்கு வந்த இரகம், பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்புவது, மூன்று மீற்றர் ஆழம்வரை நீரைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்வது. 2019இல் இரண்டாம் கையாக 135,000 ரூபாவுக்கு எடுத்தேன். ஈர மணலில் அமைதி. அமைதி என்றால் அப்படி ஒரு அமைதி. முதல் நாள் ஹெட்போன் பழுது என்று நினைத்தேன். மூன்று வருடம் வைத்திருந்தேன். பிடியில் நீல ஒட்டுநாடா சுற்றினேன். அதன் முனகலுக்கும் இருமலுக்கும் பொருள் தெரிந்துகொண்டேன். 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் சல்லடைக் கரண்டியில் அரிசிபோல நிறைந்த காலத்திலும் கூடவே இருந்தது.

பிறகு 2022. இரண்டு மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 பக்கம் ஏறியது. யாரோ 210,000 தருகிறேன் என்றார். 75,000 இலாபம் என்று கொப்பியில் பச்சை மையால் எழுதினேன். நானா கணக்காளர்! வாங்கிய அன்று அது ஏறத்தாழ 750 டொலர், விற்ற அன்று 583. மெஷின் விலை ஏறவில்லை, என் கையில் இருந்த தாள்தான் இறங்கியிருந்தது. அந்தப் பச்சைக் கோட்டை இன்னும் அழிக்கவில்லை, தண்டனையாக இருக்கட்டும்.

அந்தக் காசில் ஒரு பகுதிக்கு ஐந்தாவதை வாங்கினேன். குறை சொல்ல முடியாத மெஷின். பாரம் குறைவு, திரை வெளிச்சம். ஆனால் கரையில் இறங்கியதும் நான் மறுபடி அரிவரிப் பிள்ளை. மூன்று வருடமாகப் பழகிய சத்தம் எதுவும் அதில் இல்லை. அந்த வருடம் முழுக்கக் கொப்பியில் வலது நிரல் 212 ரூபா. ஒவ்வொரு மாற்றத்திலும் நான் கொடுத்தது மெஷினை மட்டும் என்றுதான் எண்ணியிருந்தேன். உண்மையில் பழகிய காதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டிருக்கிறேன், அதற்கு விலை போடாமல். 2009இல் இங்கிலாந்தில் ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலைக் கண்டெடுத்த டெரி ஹெர்பர்ட்டிடம் இருந்தது இரண்டரைப் பவுண் கொடுத்து வாங்கிய பழைய டிடெக்டர் என்று செய்திகளில் வந்தது. புதையலின் மதிப்பு 32 இலட்சம் பவுணுக்கு மேல். தம்பி இதை எனக்கு 2016இலேயே சொன்னான். அப்போது அதை அதிர்ஷ்டக் கதையாகத்தான் கேட்டேன்.

2023இல் அந்த 210,000காரரிடமே போய், 190,000 கொடுத்து ஈக்வினொக்ஸைத் திரும்ப எடுத்தேன். நீல ஒட்டுநாடா அப்படியே இருந்தது. அவர் ஆறு தடவைதான் கரைக்குப் போயிருக்கிறார்.

அடுத்த வருடம் கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவர் கல்கிசையில் நிச்சயதார்த்த மோதிரத்தைத் தொலைத்துவிட்டு, தெரிந்தவர் மூலம் வந்தார். மோதிரம் என்றதும் நிம்மதி. சங்கிலி என்றால் முகத்தைச் சுளித்திருப்பேன். மெல்லிய சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சின்ன உலோகம், கனமான தாலிக்கொடியாக இல்லாவிட்டால் மெஷினுக்குச் சரியாகத் தெரியாது. மூடிய வளையம் சின்னதாக இருந்தாலும் பெரிதாகப் பேசும். கடல் வற்றும் நேரத்துக்குக் காத்திருங்கள் என்று இங்கிலாந்துக்காரர்கள் சொல்வதை இங்கே நம்ப வேண்டாம். கொழும்பில் ஏற்றவற்று ஒரு மீற்றரைக்கூட எட்டாது. நமக்கு மணலைக் கிளறித் தருவது மே முதல் செப்டெம்பர்வரை வரும் தென்மேற்குப் பருவக்காற்று. ஈர்க்குக் குத்திக் கட்டம் பிரித்து இரண்டு மாலை நடந்தோம். மெல்லிய தங்க மோதிரமும் டின்னைத் திறக்கும் அலுமினிய வளையமும் திரையில் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். முப்பத்தொரு அலுமினிய வளையம் எடுத்தேன். அவற்றின் சத்தத்தில் கடைசியில் ஒரு சின்னக் கொக்கி விழும். முப்பத்திரண்டாவதில் கொக்கி விழவில்லை. உருண்டையாக வந்து உருண்டையாக முடிந்தது. தோண்டுவதற்கு முன்பே "தம்பி, இங்கே வாருங்கள்" என்றேன். ஐந்தாவது மெஷினை வைத்து அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு விடயம், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இது இங்கிலாந்து அல்ல. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இங்கே இருக்கிறது; அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். "புதையல் தோண்டியவர்கள் கைது, ஸ்கேனர் கருவி கைப்பற்றப்பட்டது" என்ற செய்தியை எத்தனை தடவை படித்திருப்போம். நான் கடற்கரை மணலைத் தாண்டுவதில்லை, பழைய கட்டடம், விகாரை, கோயில், காடு எதன் பக்கமும் போவதில்லை. தொடங்குமுன் பொலிசுக்குப் போய் இன்னார், இன்னது செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்களும் காசு கொடுக்குமுன் சுங்கத்திடமும் பொலிசிடமும் கேட்டுவிடுங்கள்.

இப்போது ஐந்தாவது டிடெக்டர் விற்பனைக்கு இருக்கிறது; பெட்டி, இரண்டு கொயில், சார்ஜர் எல்லாம் சரி. இதுவரை ஒன்பது பேர் கேட்டார்கள். அவர்களில் ஏழு பேரின் முதல் கேள்வி, "அக்கா, எத்தனை அடி போகும்?" ஒருவர் பூசகர் நாள் குறித்துத் தந்திருக்கிறார் என்றும் சொன்னார். ஒரு ரூபாக் காசு என்றால் ஒரு சாண் போகும் என்றேன். போனை வைத்துவிட்டார். எட்டாவது ஆள் தெஹிவளையில் பள்ளிக்கூட ஆசிரியை. ஹெட்போன் சேர்த்துத் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். சனிக்கிழமை வருகிறார்.