பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ்: மட்டக்களப்பு மாரிக்குப் பூட்டலாமா?

ஆட்டோகிராஸ் (கூம்புகளுக்கிடையே நேரம் பார்த்து ஓடும் கார்ப் போட்டி) ஓடுபவர்கள் தேடிப் பூட்டும் பிரிட்ஜ்ஸ்டோன் டயர் இது. தேய்மானக் குறியீடு 200, அதாவது சீக்கிரம் தேயும் ரகம். வெறுமனே நனைந்த தார் வீதியில், டயர் புதிதாக இருக்கும்வரை பிடிப்பு அருமை. மென்மையான ரப்பர் தாரின் சொரசொரப்புக்குள் இறங்கிப் பற்றிக்கொள்ளும். நம் மாரியில் வீதி அவ்வளவாகக் குளிராததால் ரப்பர் இறுகும் கவலையும் இல்லை.

வெள்ளம் தேங்கினால் கதை வேறு. பெரிய ரப்பர்க் கட்டங்கள், குறைவான பள்ளங்கள். தண்ணீர் வெளியேற வழி போதாது. டயர் தண்ணீர்மேல் மிதந்துவிட்டால் எந்த ரப்பரும் கைகொடுக்காது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றராகக் குறையும்போதுதான் தேய்மான அடையாளம் தெரியும், அதுவரை காத்திருக்காதீர்கள். 3 மில்லிமீற்றர் ஆனதும் மழைக்கு இது உதவாது என்பதே என் தீர்ப்பு. போட்டிக்காகக் காற்றைக் குறைத்திருந்தால், கதவோரம் ஒட்டியுள்ள அளவுக்குக் கட்டாயம் ஏற்றுங்கள். காற்றுக் குறைந்தாலும், டயர் அகலம் கூடினாலும், குறைந்த வேகத்திலேயே மிதக்கும். ஸ்டியரிங் சட்டென்று லேசானால் பிரேக்கில் கால் வைக்காமல், அக்சிலரேட்டரை மெல்ல விட்டு நேராகப் பிடியுங்கள்.

கார்த்திகை முதல் தை வரை கல்லடிப் பாலத்தால் தினமும் போய்வருபவர்கள், ஆழப் பள்ளமுள்ள சாதாரண டயர் ஒரு செட் வைத்திருப்பதே நல்லது.